மக்களின் மகிழ்ச்சி: கரிஞ்சாவும் அவர் வீட்டுப் பெண்களும்

காற்பந்து பிடிக்காத மாணவரை நம் வளாகத்தில் தேடிக் கண்டுபிடிப்பது சற்றுக் கடினம். சனிக்கிழமை இரவுகளில் விடுதியின் பொதுக்கூடத்தை எட்டிப் பார்த்தாலே போதும். கட்டுரை ஒப்படைக்க வேண்டிய நாள் திங்கட்கிழமை என்றாலும், ஆட்டம் முடியும்வரை யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். பெலே, மரடோனா, மெஸ்ஸி, ரொனால்டோ என்று பெயர்களை அடுக்கச் சொன்னால் மூச்சுவிடாமல் அடுக்குவோம். ஆனால் கரிஞ்சா என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் எத்தனை பேருக்கு ஒரு முகம் நினைவுக்கு வரும்?

எனக்கு அந்தப் பெயர் சிறு வயதிலேயே அறிமுகம். நான் வளர்ந்தது பாசிர் ரிஸ்ஸில். ரயில் பாதையின் கிழக்குக் கோடியில், கடலை ஒட்டி இருக்கும் பேட்டை. உலகக் கிண்ணப் போட்டி வந்துவிட்டால் எங்கள் வட்டாரத்துக் காப்பிக்கடையில் விடிய விடியக் கூட்டம் இருக்கும். அங்கே வழக்கமாக வரும் மூத்தவர் ஒருவரை நாங்கள் எல்லாரும் அங்கிள் என்றுதான் அழைப்போம். பெலேயா மரடோனாவா என்று இளையர்கள் மோதிக்கொள்ளும்போது அவர் கையை ஆட்டி எல்லாரையும் அடக்கிவிட்டு, இரண்டு பேரும் இல்லை, கரிஞ்சா என்பார். வளைந்த கால்களோடு பிறந்தவர், இரண்டு உலகக் கிண்ணம் வென்றவர், குடியால் அழிந்தவர் என்று கதையாகச் சொல்வார். கூடவே, எட்டு மகள்களைப் பெற்ற மனிதர், வெளியே எத்தனை தொடர்போ தெரியாது, பெரிய ஆட்டக்காரன் என்றால் அப்படித்தான் என்று சிரிப்பார்.

2022-ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தின்போது அதே கதையை அவர் மறுபடி சொன்னார். என் தங்கையும் உடன் இருந்தாள். அவள் பள்ளிக் காற்பந்துக் குழுவில் தற்காப்பு ஆட்டக்காரர். அங்கிள், அந்த எட்டுப் பிள்ளைகளையும் யார் வளர்த்தது என்று அவள் கேட்டாள். மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அங்கிள் இன்னொரு தே ஓ சொன்னார். பதில் மட்டும் வரவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தபோது, நான் கேட்டு வளர்ந்த கதைக்குள் இன்னொரு கதை இருப்பது தெரிந்தது. அதையே இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வளைந்த கால்கள்

மனுவேல் பிரான்சிஸ்கோ டோஸ் சாண்டோஸ் என்பது அவருடைய முழுப்பெயர். 1933 அக்டோபரில், ரியோ டி ஜெனிரோ மாநிலத்தில் பாவ் கிராண்டே என்னும் சிற்றூரில் பிறந்தார். கரிஞ்சா என்பது அங்கே பறந்து திரியும் ஒரு சின்னஞ்சிறு பழுப்புநிறக் குருவியின் பெயர். உருவத்தில் சிறியவராக இருந்த தம்பிக்கு அக்காள் வைத்த செல்லப்பெயர் அது. பிற்காலத்தில் உலகம் அவரை அந்தப் பெயரால்தான் அறிந்துகொண்டது.

அவருடைய கால்கள் இரண்டும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. ஒரு கால் மற்றதைவிடச் சில சென்டிமீட்டர் குட்டை. முதுகெலும்பும் நேராக இல்லை. இப்படிப்பட்ட பிள்ளை ஒழுங்காக நடப்பதே பெரிய காரியம் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

பாவ் கிராண்டே ஒரு நெசவாலை ஊர். ஆலைதான் வேலை கொடுத்தது, வீடு கொடுத்தது, காற்பந்துக் குழுவையும் நடத்தியது. கரிஞ்சாவின் தந்தை அந்த ஆலையின் காவலாளி, கடுமையான குடிகாரர். கரிஞ்சாவும் 14 வயதில் அதே ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலையில் அவருக்கு அக்கறை இருந்ததில்லை. பஞ்சு மூட்டைகளுக்கு இடையே தூங்கிவிடுவார். வேறொரு தொழிலாளியாக இருந்தால் சீட்டைக் கிழித்து அனுப்பியிருப்பார்கள். ஆனால் ஆலைக் குழுவுக்கு அவருடைய கால்கள் தேவைப்பட்டன. அதனால் பொறுத்துக்கொண்டார்கள். பந்து நன்றாக ஆடுகிறவனை மற்ற எல்லாவற்றிலும் மன்னித்துவிடலாம் என்ற பாடத்தை அந்த ஊர் அவருக்கு இளமையிலேயே கற்றுக்கொடுத்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

1952-இல், தம்மோடு ஆலையில் வேலை செய்த நாயிர் மார்க்கஸ் என்னும் பெண்ணை அவர் மணந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு, பத்தொன்பது இருக்கும்.

இரண்டு கிண்ணங்கள்

1953-இல் ரியோவின் புகழ்பெற்ற பொட்டாஃபோகோ குழு அவரைச் சோதனை ஆட்டத்துக்கு அழைத்தது. அவரைத் தடுக்க நிறுத்தப்பட்டவர் நில்டன் சாண்டோஸ். பிரேசில் தேசியக் குழுவின் தற்காப்பு ஆட்டக்காரர். புதிதாக வந்த வளைந்த காலன் அவரைத் திரும்பத் திரும்ப ஏமாற்றிவிட்டுப் போனார். ஆட்டம் முடிந்ததும் நில்டன் சாண்டோஸே நிர்வாகிகளிடம் போய், இவரை உடனே ஒப்பந்தம் செய்துவிடுங்கள், இவருக்கு எதிராக ஆட நான் தயாராக இல்லை என்று கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள்.

கரிஞ்சாவின் உத்தி என்னவோ ஒன்றுதான். வலது ஓரத்தில் பந்தோடு நிற்பார். உடம்பை இடப்பக்கம் அசைப்பார். எதிராளி அந்தப் பக்கம் சாய்வார். இவர் வலப்பக்கம் பறந்துவிடுவார். அடுத்த முறையும் வலப்பக்கம்தான் போவார் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாது! அரங்கில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மக்களின் மகிழ்ச்சி என்ற பட்டப்பெயர் அவருக்கு வந்தது இதனால்தான்.

1958-இல் சுவீடனில் நடந்த உலகக் கிண்ணத்துக்கு முன்பு பிரேசில் குழுவின் உளவியல் நிபுணர் ஆட்டக்காரர்களுக்குச் சோதனை வைத்தார். கரிஞ்சா மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றார். 17 வயதுப் பெலேயும் பக்குவம் இல்லாதவர் என்று முடிவு வந்தது. நல்லவேளையாக அந்த அறிக்கையைப் பயிற்றுவிப்பாளர் ஒதுக்கிவைத்தார். ஜூன் 15-ஆம் தேதி சோவியத் யூனியனுக்கு எதிரான ஆட்டத்தில் இருவரும் களமிறக்கப்பட்டார்கள். பிரேசில் 2-0 என வென்றது. இறுதியாட்டத்தில் சுவீடனை 5-2 என வீழ்த்தி முதல் முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது.

1962-இல் சிலியில் நடந்த போட்டியில் பெலே இரண்டாவது ஆட்டத்திலேயே காயமடைந்து வெளியேறினார். அதன் பிறகு குழுவைத் தூக்கிச் சுமந்தவர் கரிஞ்சா. காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல். அரையிறுதியில் சிலிக்கு எதிராக இன்னும் இரண்டு கோல். இறுதியாட்டத்தில் செக்கோஸ்லோவாக்கியாவை 3-1 என வென்று பிரேசில் கிண்ணத்தைத் தக்கவைத்துக்கொண்டது. ஒரே ஆள் ஒரு நாட்டுக்கு உலகக் கிண்ணத்தை வென்று தந்தார் என்று மரடோனாவைப் பற்றிச் சொல்வதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே கரிஞ்சா அதைச் செய்து காட்டிவிட்டார்.

பெலேயும் கரிஞ்சாவும் சேர்ந்து ஆடிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதே இல்லை. கரிஞ்சா ஆடிய ஆட்டங்களில் பிரேசில் தோற்றது ஒரே ஒரு முறை, 1966-இல் ஹங்கேரியிடம். நாட்டுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டமும் அதுதான்.

அங்கிள் சொல்லும் கதையில் இவ்வளவும் வரும். இதில் ஒரு சொல்லைக்கூட நான் குறைக்க விரும்பவில்லை. ஆட்டம் உண்மையிலேயே அவ்வளவு அழகு. ஆனால் ஆட்டம் முடிந்து, விளக்கணைந்து, மனிதர் வீட்டுக்குப் போகிறாரே, அந்த வீட்டில் என்ன நடந்தது?

பாவ் கிராண்டே வீடு

வீட்டில் நாயிர் இருந்தார். கணவர் சுவீடனிலும் சிலியிலும் ரியோவிலும் இருந்தபோது நாயிர் பாவ் கிராண்டேயில் பிள்ளைகளோடு இருந்தார். ஒன்றன்பின் ஒன்றாக எட்டுப் பெண் குழந்தைகள். தங்கையின் கேள்விக்கு நேரான பதில் அவர்தான். எட்டு மகள்களை வளர்த்தது ஒரு நெசவாலைத் தொழிலாளிப் பெண். அவருடைய படத்தை எந்தக் காற்பந்துச் சுவரொட்டியிலும் நான் பார்த்ததில்லை.

இதே காலத்தில் கரிஞ்சாவுக்கு வேறொரு பெண்ணோடு நெடுநாள் தொடர்பு இருந்தது. அவர் மூலமும் பிள்ளைகள் பிறந்தனர். 1959-இல் பொட்டாஃபோகோ குழு சுவீடனுக்குச் சுற்றுப்பயணம் போனபோது அங்கேயும் ஒரு பெண் கருவுற்றார். பிறந்த ஆண் குழந்தை வேறொரு குடும்பத்தில் தத்துப்பிள்ளையாக வளர்ந்தது. அவருக்குப் பிறந்த பிள்ளைகள் குறைந்தது 14 பேர் என்பது பொதுவான கணக்கு. இந்தக் கணக்கைச் சொல்லும்போது காப்பிக்கடையில் சிரிப்பு எழும். ஆனால் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு தாய் இருக்கிறார், பள்ளிச் செலவு இருக்கிறது, அப்பா எங்கே என்று கேட்கும் ஒரு குழந்தை இருக்கிறது.

அன்றைய பிரேசில் சட்டத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். மணமான பெண் வேலைக்குப் போகக் கணவரின் அனுமதி வேண்டும் என்ற விதி அங்கே 1962 ஆகஸ்டில்தான் நீக்கப்பட்டது. கரிஞ்சா கிண்ணத்தோடு திரும்பி மூன்று மாதம்கூட நிறையவில்லை! மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்யும் உரிமை 1977-இல்தான் வந்தது. பெண்களின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளில் அவர்கள் ஈடுபடக்கூடாது என்ற அரசாணை 1941-இல் பிறந்து 1979-வரை நீடித்தது. இடையில் 1965-இல் காற்பந்தைப் பெயர் சொல்லியே தடுத்தார்கள். கரிஞ்சாவின் ஆட்டக்காலம் முழுவதிலும் அவருடைய மகள்கள் ஒரு குழுவில் சேர்ந்து முறையாகப் பந்து ஆட அந்த நாட்டில் வழியில்லை. தந்தை மக்களின் மகிழ்ச்சி. மகள்கள் அந்த மக்களில் சேர்த்தி இல்லை போலும்.

ஒப்பிட்டுப் பார்க்க நம் ஊர்ச் செய்தி ஒன்று. சிங்கப்பூரில் மாதர் சாசனம் 1961 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவர்கள் ஒரு மனைவி இருக்கும்போதே இன்னொருவரை மணப்பதை அது தடைசெய்தது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சம் கேட்கும் உரிமையை உறுதிசெய்தது. நம் பாட்டிமார்களின் வாழ்க்கையில் அந்தச் சட்டம் என்ன செய்தது என்பதை வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

எல்சா வந்தார், கல்லும் வந்தது

1962-இல் கரிஞ்சாவின் வாழ்க்கைக்குள் பாடகி எல்சா சுவாரஸ் வந்தார். அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். ரியோவின் ஏழைக் குடிசைப் பகுதியில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே தந்தை கட்டாயக் கல்யாணம் செய்துவைத்தார். 13 வயதை ஒட்டி முதல் பிள்ளை. பிறந்த பிள்ளைகளில் சிலரை வறுமைக்குப் பறிகொடுத்தார். 21 வயதில் கைம்பெண். வானொலிப் பாட்டுப் போட்டி ஒன்றில், தைத்துப் பிடித்த பெரிய உடையில் மேடையேறிய அவரைப் பார்த்து, எந்தக் கோளிலிருந்து வருகிறாய் என்று நடத்துநர் கேலி செய்தார். நீங்கள் வந்த அதே கோளிலிருந்துதான், பசி என்னும் கோளிலிருந்து என்று எல்சா பதில் சொன்னார். அரங்கம் அடங்கிப்போனது. பாடி முடித்தபோது அவர் ஒரு பாடகி ஆகியிருந்தார்.

கரிஞ்சாவும் எல்சாவும் காதலித்தார்கள். கரிஞ்சா நாயிரைப் பிரிந்து எல்சாவோடு வாழத் தொடங்கினார். நாடு கொதித்தது. யார்மீது? குடும்பத்தை விட்டுச் சென்றவர் கரிஞ்சா. எட்டு மகள்களுக்குத் தந்தை அவர். ஆனால் வசை முழுவதும் எல்சாவுக்கு வந்தது. குடும்பத்தைக் கெடுத்தவள், பணத்துக்காக வந்தவள் என்று பத்திரிகைகள் எழுதின. தெருவில் திட்டினார்கள். அவர்கள் வீட்டின்மீது கல் எறிந்தார்கள். அவர் கறுப்பினப் பெண், ஏழை, மேடையில் பாடுகிறவர் என்பதெல்லாம் வெறுப்புக்கு எண்ணெய் ஊற்றின. கரிஞ்சாவின் முழங்கால் கெட்டு ஆட்டம் சரிந்தபோது அதற்கும் எல்சாதான் காரணம் என்றார்கள். ஊசி போட்டுப் போட்டு அவரை ஆடவைத்த குழு நிர்வாகத்தை யாரும் கேட்கவில்லை.

குழு நிர்வாகத்தைப் பற்றியும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கரிஞ்சா உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராக இருந்தபோதும் அவருக்குக் கிடைத்த சம்பளம் அதற்கு ஏற்றதாக இல்லை. எழுதப்படாத வெற்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர் அவர். எளிய மனிதரைச் சுரண்டினார்கள் என்பது உண்மை. நாயிருக்கும் மகள்களுக்கும் தரவேண்டிய ஜீவனாம்சம் நீதிமன்றத்துக்குப் போனதும் உண்மை. கரிஞ்சாவின் வருமானம் நின்றுபோன பிறகு எல்சாவின் பாட்டுதான் வீட்டை நடத்தியது. அநீதிக்கு ஆளான ஒருவர் அதே கையால் மற்றவர்களுக்கு அநீதி செய்யவும் கூடும். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க நாம் பழக வேண்டும்.

கதவுக்குப் பின்னால்

குடி முற்றியது. கரிஞ்சாவுக்கு ஊற்றிக் கொடுக்காதீர்கள் என்று மதுக்கடைக்காரர்களிடம் எல்சா கெஞ்சினார் என்று வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். 1969 ஏப்ரலில் கரிஞ்சா ஓட்டிச் சென்ற கார் நெடுஞ்சாலையில் ஒரு லாரிமீது மோதியது. காரில் இருந்த எல்சாவின் தாயார் உயிரிழந்தார். அந்தக் குற்ற உணர்ச்சி கரிஞ்சாவை விட்டுப் போகவே இல்லை. 1970 வாக்கில், மிரட்டல்களுக்கும் தாக்குதலுக்கும் பிறகு இருவரும் இத்தாலிக்குச் சென்று சில காலம் வாழ்ந்தார்கள். 1973 டிசம்பரில் மரக்கானா அரங்கில் அவருக்குப் பிரியாவிடை ஆட்டம் நடத்தினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து வழியனுப்பினார்கள்.

ஒரு லட்சம் பேர் கைதட்டிய அந்த மனிதர் வீட்டில் மனைவியை அடித்தார். எல்சாவின் பற்கள் உடைந்தன. 1976-இல் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். தந்தையின் பெயரையே வைத்தார்கள். குழந்தை பிறந்தும் அடி நிற்கவில்லை. 1977-இல் எல்சா மகனை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அந்த ஆண்டின் இறுதியில்தான் பிரேசிலில் மணவிலக்குச் சட்டம் நிறைவேறியது.

இங்கே வாசகர்கள் கேட்கலாம். ஏன் இவ்வளவு காலம் பொறுத்துக்கொண்டார்? பசியை வென்றவர், மேடையில் நின்று பதில் சொன்னவர், வீட்டில் ஏன் மௌனமாக இருந்தார்? நான் யோசித்துப் பார்த்தேன். நாடே அவரைக் குடும்பத்தைக் கெடுத்தவள் என்று தூற்றிக்கொண்டிருந்தது. அடி வாங்குகிறேன் என்று அவர் வெளியே சொல்லியிருந்தால் அந்த ஊர் யார் பக்கம் நின்றிருக்கும்? நாம் ஓர் ஆட்டக்காரரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும்போது, அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஒருவரின் வாயையும் சேர்த்தே அடைத்துவிடுகிறோம். இந்த வரலாற்றில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான்.

தேய்ந்த குருவி

எல்சா போன பிறகு கரிஞ்சா வேறொரு பெண்ணோடு வாழ்ந்தார். மருத்துவமனைக்குப் போவதும் வருவதுமாக ஆண்டுகள் கழிந்தன. 1980-இல் ரியோ கார்னிவல் ஊர்வலத்தில் மங்கேரா குழு அவரைச் சிறப்பிக்க ஓர் அலங்கார வண்டியில் உட்காரவைத்தது. மருந்தின் மயக்கத்தில், என்ன நடக்கிறது என்று தெரியாதவர்போல் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ரசிகர்கள் கண்கலங்கினார்கள்.

1983 ஜனவரி 20-ஆம் தேதி, குடியால் கெட்ட உடலோடு, 49 வயதில் கரிஞ்சா இறந்தார். உடலை மரக்கானா அரங்கில் வைத்தார்கள். பிறகு தீயணைப்பு வண்டியில் ஏற்றிச் சொந்த ஊர்ப் பக்கம் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் மக்கள் வெள்ளம். கல்லறையில் மக்களின் மகிழ்ச்சி இங்கே உறங்குகிறது என்ற பொருளில் பொறித்தார்கள். 2017-இல் அவருடைய எலும்புகள் எங்கே இருக்கின்றன என்று அந்த இடுகாட்டு நிர்வாகத்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கொண்டாட்டம் அவ்வளவு பெரிது, கவனிப்பு அவ்வளவு சிறிது.

1986 ஜனவரியில் எல்சாவின் மகனும் ஒரு கார் விபத்தில் இறந்தான். வயது ஒன்பது. தந்தையின் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் நடந்தது அது.

1995-இல் ரூய் காஸ்ட்ரோ என்ற எழுத்தாளர் கரிஞ்சாவின் வரலாற்றை விரிவாக எழுதி வெளியிட்டார். தந்தையின் அந்தரங்கத்தை அம்பலப்படுத்திவிட்டதாக மகள்கள் வழக்குத் தொடுத்தார்கள். சிறிது காலம் நூலின் விற்பனை தடைபட்டது. அந்த மகள்களின் கோபமும் எனக்குப் புரிகிறது. அப்பா வீட்டில் இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு அப்பாவின் நல்ல பெயர்தான் கிடைத்த ஒரே சொத்து. ஆகவே இப்படிப்பட்ட வாழ்க்கையைச் சொல்லும்போது வம்புக்காகச் சொல்லக்கூடாது. யாருக்கு வலித்தது என்பதைச் சொல்வதற்காக மட்டுமே சொல்ல வேண்டும்.

மீண்டும் ஒலித்த குரல்

எல்சா சுவாரஸின் கதை 1977-இல் முடிந்துவிடவில்லை. 2015-இல், எண்பது வயதைத் தாண்டிய நிலையில், அவர் ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். அதில் ஒரு பாட்டில், அடிக்க வரும் ஆணை எச்சரித்து, 180 என்ற எண்ணை அழைக்கப்போகிறேன் என்கிறாள் ஒரு பெண். 180 என்பது பிரேசிலில் வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான உதவி எண். வீட்டு வன்முறைக்கு எதிரான தனிச் சட்டம் அங்கே 2006-இல் வந்திருந்தது. தம் இளமையில் இல்லாத சட்டத்தையும் இல்லாத எண்ணையும் அந்த மூதாட்டி பாட்டாக்கி அடுத்த தலைமுறையிடம் கொடுத்தார். 2016 ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் அவர் பாடினார். ஒரு காலத்தில் அவர் வீட்டின்மீது கல் எறிந்த நகரம் அன்று எழுந்து நின்று கேட்டது.

2022 ஜனவரி 20-ஆம் தேதி எல்சா காலமானார். கரிஞ்சா இறந்து சரியாக 39 ஆண்டுகள், அதே நாள். அவரைத் தம் வாழ்வின் பெருங்காதல் என்றே எல்சா கடைசிவரை குறிப்பிட்டு வந்தார். அன்பு இருந்தது, அடியும் இருந்தது. அன்பு இருந்ததால் அடி சிறிதாகிவிடாது.

எல்சா இறப்பதற்கு முந்தின நாள் இன்னொரு செய்தி வந்தது. பிரேசிலின் புகழ்பெற்ற தாக்குதல் ஆட்டக்காரர் ரொபின்யோ, 2013-இல் மிலான் நகரில் ஒரு பெண்ணைக் கூட்டாகப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் குற்றவாளி என்று இத்தாலியின் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒன்பது ஆண்டுச் சிறை. 2024 மார்ச்சில் அவர் பிரேசிலிலேயே சிறைக்குப் போனார். கரிஞ்சாவின் காலத்தில் கேட்க ஆளில்லாமல் இருந்த கேள்விகளை இன்று ஒரு நீதிமன்றமாவது கேட்கிறது. மாற்றம் வந்திருக்கிறது. போதுமான அளவு வந்திருக்கிறதா என்பது வேறு விஷயம்.

பாசிர் ரிஸ்ஸுக்கும் பிரேசிலுக்கும்

இதெல்லாம் எங்கோ நடந்த கதை, நமக்கென்ன என்று சிலர் நினைக்கக்கூடும். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002, 2006, 2010 உலகக் கிண்ணப் போட்டிகளின்போது அந்த வட்டாரக் காவல்துறைக்கு வந்த வீட்டு வன்முறைப் புகார்களை எண்ணிப் பார்த்தார்கள். இங்கிலாந்து வென்ற அல்லது சமன் செய்த நாட்களில் புகார்கள் 26 விழுக்காடு கூடின. தோற்ற நாட்களில் 38 விழுக்காடு கூடின. அடித்தவர்கள் யாரும் உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் அல்லர். தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்த சாதாரண மனிதர்கள். காப்பிக்கடையில் நம் பக்கத்து நாற்காலியில் இருப்பவரைப் போன்றவர்கள்.

காற்பந்து அவர்களை அடிக்க வைத்தது என்று நான் சொல்லவில்லை. குடி, தோல்வி, ஆண்பிள்ளைத்தனம் என்று காரணங்கள் கூடி வரும் ஓர் இரவு அது, அவ்வளவுதான். ஆனால் அந்த இரவில் நாம் என்ன பேசுகிறோம் என்பதற்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. பெரிய ஆட்டக்காரன் என்றால் அப்படித்தான் என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்லும் ஒரு வாக்கியம், அப்படி இருந்தால் பரவாயில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு சிறுவனுக்குச் சொல்லிவிடுகிறது. வீட்டில் அடி வாங்கும் ஒரு பெண் பக்கத்து மேசையில் இருந்தால், நீ சொன்னாலும் எடுபடாது என்று அவருக்கும் சொல்லிவிடுகிறது.

நம் தமிழ்ச் சமூகத்தில் இது இன்னும் கடினம். நடிகர்களையும் விளையாட்டு வீரர்களையும் கொண்டாடுவதில் நமக்கு ஈடு இணை கிடையாது. கட்டவுட் வைப்போம், பாலூற்றுவோம். அவர் வீட்டுப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், அது அவர்கள் குடும்ப விஷயம் என்போம். அந்தப் பெண் வாய் திறந்தால், விளம்பரத்துக்காகப் பேசுகிறாள் என்போம். ரியோவில் எறிந்த கல்லுக்கும் இந்தச் சொல்லுக்கும் எடை ஒன்றுதான்.

கரிஞ்சாவைக் கொண்டாட வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. பிரேசிலியாவின் தேசிய விளையாட்டரங்கத்துக்கு அவர் பெயர்தான். அது அங்கேயே இருக்கட்டும். 1962 காலிறுதி ஆட்டத்தின் படச்சுருள் கிடைத்தால் கட்டாயம் பாருங்கள். வலப்பக்கம் பறக்கும் அந்தக் குருவியைப் பார்த்து வாய்விட்டுச் சிரியுங்கள். ஆனால் கதை சொல்லும்போது முழுக் கதையாகச் சொல்லுங்கள். எட்டு மகள்களை வளர்த்த நாயிரின் பெயரைச் சொல்லுங்கள். பல் உடைந்தும் பாட்டை விடாத எல்சாவின் பெயரைச் சொல்லுங்கள். 1979-வரை பெண்கள் பந்து ஆடத் தடை இருந்த அதே பிரேசிலுக்குத்தான் 2027 மகளிர் உலகக் கிண்ணத்தை நடத்தும் உரிமை வழங்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எல்சாவின் பாட்டில் வரும் எண்ணைப் போல நம் ஊரிலும் ஓர் எண் உண்டு. வன்முறைக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கும் எதிரான தேசிய உதவி எண் 2021-இல் தொடங்கப்பட்டது: 1800-777-0000. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். கைத்தொலைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்கோ, விடுதியில் அடுத்த அறைக்கோ ஒரு நாள் தேவைப்படலாம்.